யாங்செஸ் எடுத்த தண்ணீர்

"வந்து தொட்டுப் பாரு, தொட்டுப் பாருன்னுதானே அப்பலேருந்து சொல்றேன்..."

"எதைத் தொடணும் ஆச்சே, என்னைப் பார்த்ததும் வாய்க்காலை அடைச்சிட்டு நிக்கிறீங்க, இதுல தொட வேற..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஓரகத்திகள். மூத்தவள் யாங்செஸ் தன் மேல் வயலின் வரப்பில் நின்றாள். இளையவள் தெஸ்கித் கீழ் வயலிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்திருந்தாள். கோபம் தலைக்கேறியும், அக்கா என்று கூப்பிடுகிற அந்த ஆச்சே மட்டும் அவள் வாயை விட்டுப் போகவில்லை.

இன்று தெஸ்கித்தின் முறை. பார்லி முளைத்து விரல் உயரம் நிற்கிறது. முதல் தண்ணீர் இன்று பாயாவிட்டால் அடுத்த முறை வருவதற்குள் கருகிவிடும். விடிந்ததிலிருந்து அவள் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

சிகரத்துப் பனி உருகி வருகிற ஓடை ஒன்றுதான். மலையிடுக்குக்குள் மேல் மடை இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் யாங்செஸ் பக்கம் திரும்பும், அடைத்தால் கீழே வரும். சந்தேகம் வேறு யார் மேல் வரும்?

போன வருஷம் தன் முறையில் பாதி நாள் தண்ணீர் காணாமல் போன பேச்சை தெஸ்கித் எடுத்தாள். மாமியாரின் நீலக்கல் மாலை கடைசியில் யார் பெட்டிக்குள் போனது என்பதையும் இழுத்தாள். நீலக்கல்லைக் கரைத்தா பார்லிக்குப் பாய்ச்சப் போகிறாய் என்று யாங்செஸ் கேட்டாள்.

அப்போதுதான் தெஸ்கித் திருட்டு என்கிற வார்த்தையைச் சொன்னாள்.

யாங்செஸின் முகம் மாறியது. தண்ணீர் திருடிய வீட்டுக்கு அந்த வருஷம் முழுக்க முறை கடைசி. ஊர்க் கட்டுப்பாடு அது. கடைசி முறைக்கு இவ்வளவு உயரத்தில் இருக்கும் வயல் தாங்காது. அவள் புருஷனோ லடாக்கின் மறுகோடியில் ரோடு போட்டுக்கொண்டிருக்கிறான்.

"அவர் போயிருக்கார் ஆச்சே. மடையைக் கண்ணால பார்த்துட்டுத்தான் இறங்குவேன்னு ஓடைக்குள்ளயே ஏறிப் போயிருக்கார்."

அவர் என்றால் ஸ்தோப்தான், தெஸ்கித்தின் கணவன், யாங்செஸின் கொழுந்தன். போன காரியம் முடியாமல் திரும்புகிற ஆள் இல்லை. அந்தப் பிடிவாதத்தோடு இருவரும் ஆளுக்கொரு விதமாகப் பாடுபட்டிருக்கிறார்கள்.

யாங்செஸ் பேச்சை விட்டாள். தெஸ்கித்தின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாய்க்காலுக்கு இழுத்துப் போய், உள்ளங்கையை அதன் அடியில் வைத்து அழுத்தினாள்.

கை திரும்பி வந்தபோது புழுதி ஒட்டியிருந்தது.

தெஸ்கித் அதையே பார்த்தாள். இப்போது அடைத்த வாய்க்கால் இப்படிக் காயாது.

அப்படியென்றால் தண்ணீர் எங்கே என்று கேட்டபோது அவள் குரலில் சண்டை இன்னும் கொஞ்சம் மீதியிருந்தது.

யாங்செஸ் ஓடையைத் திரும்பிப் பார்த்தாள்.

காலையில் ஓடை மெலிந்து கிடப்பது வழக்கம். ராத்திரிக் குளிர் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற உருகி, உச்சிப்பொழுது தாண்டினால் ஓடையின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது.

உச்சிப்பொழுது எப்போதோ தாண்டிவிட்டது. இவ்வளவு நேரச் சண்டையில் ஒருத்தி சொன்ன ஒரு வார்த்தைகூட இன்னொருத்திக்குக் கேட்காமல் போகவில்லை.

வானத்தில் மேகமில்லை. இந்த வருஷப் பனி தாமதமாக விழுந்து, பழைய பனியின் மேல் கனத்து உட்கார்ந்திருந்தது. சில நாளாக இந்த வெயில். நேற்றுவரை வெளுத்திருந்த சிகரத்தின் இடது தோள் பழுப்பாக உரிந்து கிடந்தது.

தண்ணீரை யாரும் திருப்பவில்லை. சரிந்த பனி மேலே இடுக்கை அடைத்திருக்கிறது. காலையிலிருந்து உருகியதெல்லாம் அதன் பின்னால் தேங்கிக்கொண்டிருக்கிறது.

அதற்குக் கீழே, ஓடைக்குள், ஸ்தோப்தான்.

தெஸ்கித் ஓடினாள். இடுக்கின் வாயில் யாங்செஸ் அவள் சடையை எட்டிப் பிடித்தாள். இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தான பாறை. போன வழியாகத்தான் அவன் வர வேண்டும். வளைவுக்கு அப்பால் மண்வெட்டியைக் கல்லில் ஊன்றி ஏறும் ஓசை கேட்டது.

"தண்ணி வருது. வந்துடுங்க, தண்ணி வருது."

ஓசை நின்றது. சிரிப்புதான் முதலில் வந்தது.

"வரட்டும். அதுக்குத்தானே வந்தேன்."

மறுபடி மண்வெட்டி, இன்னும் மேலே.

பனி சரிந்துவிட்டது என்று தெஸ்கித் அழுதுகொண்டே கத்தினாள். ஆச்சே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறாளா, திருட்டு தெரியாமல் இறங்குவதாக இல்லை என்று பதில் வந்தது.

கற்களுக்கு நடுவே விரல் பருமனில் சேற்று நீர் நெளிந்து இறங்கியது. நாளெல்லாம் அதற்காகக் காத்திருந்தவள் அதைக் கண்டதும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வயல்களில் குனிந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேர். யாங்செஸ் அவர்களைப் பார்த்தாள். தன் வயலை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு, பிடித்த சடையை விடாமல், இடுக்கைப் பார்த்து ஊருக்கே கேட்கும்படி குரலெடுத்தாள்.

"ஸ்தோப்தான், மேல தேடாத. தண்ணிய நான்தான் திருடினேன். என் வயலுக்குத்தான் திருப்பினேன். இறங்கி வா, வந்து எல்லார் முன்னாடியும் என்னைக் கேளு."