தொகுஜிரோ குடித்த கோப்பை

கோப்பை உடையவில்லை.

வாசல் கல்லில் பட்டுக் கணீரென்றது. துள்ளிப் போய்ப் புல்லில் உட்கார்ந்துகொண்டது.

சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பிக்கு மணியடிப்பதை நிறுத்தினார்.

இறந்தவர் தினமும் புழங்கிய பாத்திரம் அவர் வாசல் தாண்டும்போது உடைய வேண்டும். திரும்பி வருவதற்கு இங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று அப்போதுதான் அவர் நிம்மதியாகப் போவார்.

“பெரியவருக்குக் கெளம்ப மனசில்ல,” என்றார் பக்கத்துச் சூளை இசாமு. “இன்னொரு வாய் டீ கேக்கறாரு.”

கறுப்பு உடையில் வரிசையாக நின்றிருந்த இம்பே ஊர்க் குயவர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள்.

“பின்ன, அவரு கைவேலைன்னா சும்மாவா? நம்ம பிசென் மண்ணுய்யா! எறிஞ்சாலும் உடையாது,” என்றார் ஒருவர்.

மகன் தகேஹிகோவுக்கு முகம் சிவந்தது. அம்மா எறிந்த கோப்பையைப் புல்லிலிருந்து எடுத்தான். “போதும்ப்பா, போய்ட்டு வாங்க,” என்று சொல்லி ஓங்கி எறிந்தான். சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மறுபடியும் அதே கணீர். இந்த முறை கோப்பை உருண்டு உருண்டு, வரிசையின் கடைசியில் நின்ற சுமியேயின் காலடிக்கு வந்து சேர்ந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். கண் பார்க்கும் முன்பே விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.

அது அவள் செய்த கோப்பை.

பதினோரு வருடம் முன்பு, பத்து நாள் இரவும் பகலும் பைன் விறகு போட்டுச் சுட்ட தேநீர்ச் செட்டு. ஒரு கெண்டி, ஐந்து கோப்பை. மேல்பூச்சு எதுவும் கிடையாது. சாம்பலும் தீயும் கொடுத்ததுதான் நிறம். ஓகயாமாவில் ஒரு கடைக்குக் கொடுத்தாள். யார் வாங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

இப்போது அதன் உடம்பு எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. பூச்சில்லாத மண்ணுக்கு அந்த மினுக்கம் கடையில் வராது, சூளையில் வராது. ஒரே உள்ளங்கை, நாள் தவறாமல், வருடக்கணக்காகப் பிடித்திருக்க வேண்டும்.

தொகுஜிரோவின் உள்ளங்கை.

ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லார் முன்னாலும், “சுமியே கோப்பையா? பூனை வால் பட்டாலே ரெண்டாயிடும்,” என்று சொன்ன அதே தொகுஜிரோ. இருபது வருடமாக ஊர் அதற்குச் சிரித்தது. சுமியே அசரவில்லை. தன் மண் அவளுக்குத் தெரியும். ஆனாலும் மண்ணைப் பற்றிச் சொன்னால் செல்லுபடியாகிற வாய் அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது. அந்த வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த வாய் வியாழக்கிழமை மூடிக்கொண்டது.

இப்போது கோப்பையைத் திருப்பிக் காட்டினால் போதும். அடியில் அவளுடைய குறி இருக்கிறது. மூன்று கோட்டில் ஒரு பறவைக் கால். நாற்பது குயவர்களும் பார்ப்பார்கள்.

எதிரே தொகுஜிரோவின் மனைவி ஹருயே வெறுங்கையோடு நின்றார். பெட்டிக்குள் ஒரு கிழவர் போக வழியில்லாமல் காத்துக்கிடந்தார். வழியனுப்ப வந்த இடத்தில் போகிறவரைப் பொய்யராக்கி அனுப்பலாமா?

“அமிதா புத்தரே,” என்று சுமியே முணுமுணுத்தாள். “நான் பாத்துக்கறேம்மா,” என்றாள் ஹருயேவிடம்.

ஒரு பாத்திரம் எங்கே உடையும் என்று செய்தவளுக்குத் தெரியும். விளிம்புக்குக் கீழே மண்ணுக்குள் கடுகளவு கல் ஒன்று இருந்தது. தீயில் அதைச் சுற்றி மண் சற்றே வாய் திறந்திருந்தது. அடிப்பாகத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, அந்த இடத்தை வாசல் கல்லின் முனையில் ஒரே போடு போட்டாள்.

உடைந்தது. சில்லுகள் சிதறின. குறி இருந்த ஓடு மட்டும் அவள் கைக்குள் நின்றது.

“அப்பாடா,” என்றார் இசாமு. மணி ஒலித்தது. பெட்டி வண்டிக்குள் ஏறியது.

ஹருயே நேரே அவளிடம் வந்தார். வணங்க வருகிறார் என்று சுமியே நினைத்தாள். அவரோ அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட!”

“உடையணும்தானேம்மா?”

ஹருயே தன் கிமோனோவின் தொங்குகைக்குள்ளிருந்து விளிம்பு தேய்ந்த சோற்றுக் கிண்ணம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“உடைக்கறதுக்கு இது இருக்குடி. மனுஷன் போறதுக்கு முந்தின நாள் சொன்னாரு: ‘மொதல்ல அந்த சுமியே கோப்பைய எறி. உடையாது. எடுத்து அடியத் திருப்பிப் பாக்கட்டும், அத்தன பேரும். அப்புறமா கிண்ணத்த ஒடச்சு என்ன அனுப்பு. உசிரோட நின்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு.’ நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ…”

சொல்லி முடிப்பதற்குள் ஹருயேவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

சுமியே கைக்குள் இருந்த ஓட்டைத் திருப்பிக் குறியைப் பார்த்தாள்.

“ரெண்டு தடவ எறிஞ்சும் உடையலையேம்மா,” என்றாள். “உடையாதுன்னு அவரு சொன்னது சரிதான்.”

வண்டி நீளமாக ஒலி எழுப்பிக் கிளம்பியது. வரிசை முழுவதும் குனிந்தது.

நாற்பது பேரிலும் கடைசியாக நிமிர்ந்தவள் அவள்தான்.