நூற்றெட்டாவது படி

வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவள் நின்றாள்.

வலப்பக்கம் பெண்கள் சரிவு. மர நிழலில் வளைந்து வளைந்து, யாருக்கும் மூச்சு வாங்காமல் ஏறும் பாதை. இடப்பக்கம் ஆண்கள் சரிவு. செங்குத்தான கல் படிகள், நூற்றெட்டு. இரண்டும் மேலே கோயிலுக்குச் சற்று முன்னால் ஒன்று சேர்கின்றன.

ஜப்பானில் மலை ஏறுவதற்கும் ஆண் வழி, பெண் வழி. இதைப் பார்க்கவா சங்கரன்கோவிலிலிருந்து விமானம் ஏறி வந்தோம் என்று நினைத்தாள்.

இடப்பக்கம் திரும்பினாள்.

“எம்மா, அது ஆம்பளைங்க ஏறுத படி. இந்தப் பக்கம் வா.”

மகன். வீட்டில் கோமு, அலுவலகத்தில் கோமு-சான். எட்டு மாதக் குழந்தையை நெஞ்சோடு கட்டியிருந்தான்.

“மூட்டு வலிய வச்சிக்கிட்டு இதெல்லாம் தேவையா?” என்றார் கணவர். தன் மூட்டுக்கு வலி இல்லாவிட்டாலும் அவர் பெண்கள் சரிவில்தான் நின்றார்.

அதற்குள் அவள் மூன்றாவது படியில் இருந்தாள்.

*

ஏறுவதற்கு முன், அடிவாரக் கடையில் அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்து, கரியில் சுட்டு விற்றார்கள். கரியை விசிறிய கடைக்காரிக்கு இவளைவிடப் பத்து வயது கூட இருக்கும். உட்கார்ந்து ஓய்வெடு என்று அவளிடம் யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அந்தக் கடைக்காரிதான் படிகளைப் பற்றிச் சொன்னாள். மகன் தமிழில் சொன்னான். மனிதருக்கு நூற்றெட்டு ஆசைகள். படிக்கு ஒன்றாக விட்டுக்கொண்டே ஏற வேண்டும். உச்சியில் மனசு காலியாக இருக்கும்.

கணக்கு டீச்சரான இவளுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

*

கைப்பேசியில் கடிதம் இருந்தது. விருப்ப ஓய்வு வேண்டி, தலைமையாசிரியைக்கு. ரயிலில் வரும்போதே மகன் எழுதி அவளுக்கு அனுப்பிவிட்டான். அவள் பெயரைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் போதும். மீதி இருக்கும் நான்கு வருட சர்வீஸும் அதோடு முடிந்துபோகும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மருமகள் ஒரு காப்பகத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். அம்மா இருக்கும்போது வெளி ஆள் எதற்கு என்று மகனும் கணவரும் பேசி முடித்தார்கள். மருமகளையும் கேட்கவில்லை, இவளையும் கேட்கவில்லை.

அவர் நல்ல நேரம் வேறு பார்த்திருந்தார். சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு முடிகிறது. ஜப்பானில் அப்போது மதியம் இரண்டு. ரெண்டு மணிக்கு மேல அனுப்பு என்று மூன்று முறை சொல்லிவிட்டார்.

*

பத்தாவது படியில் அரக்குக் கரை வைத்த பச்சைப் பட்டை விட்டாள்.

பதினொன்றில் மாடி ரூம்.

இருபத்தாறில், ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை. அதற்குக் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

முப்பதில், கணவர் ஒரு நாளாவது காபி போட்டுத் தருவார் என்ற ஆசை. அது லேசாகவே போனது.

அறுபதுக்கு மேல் விடுவதற்குச் சொந்த ஆசை எதுவும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் அவளுக்காக வைத்திருந்ததை இறக்கி வைக்க ஆரம்பித்தாள். நல்ல மருமகள். பொறுமைசாலி. சொன்னால் கேட்டுக்கொள்கிறவள். மூட்டு கத்தியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

இவை நிறைய இருந்தன. படிகள்தான் போதவில்லை.

நூற்றேழில் நின்றாள்.

மீதி ஒரு படி. அவளுடையது என்று மீதி ஒரே ஒரு ஆசை.

பிளஸ் டூ பி பிரிவு. நாற்பத்திரண்டு பெண்கள் நோட்டைத் திறக்கும் சத்தம். கடைசி பெஞ்சு முப்பிடாதி. கணக்கே வராது என்று எல்லோரும் கைவிட்ட பெண், பிளஸ் ஒன் முழுப் பரீட்சையில் அறுபத்தொன்று வாங்கினாள். லீவு விட்ட அன்று வாசல்வரை கூடவே வந்தாள்.

“ஜூன்லயும் நீங்கதான டீச்சர்?”

“நாந்தான்,” என்று சொல்லியிருந்தாள்.

அவள் சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகினாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். நல்ல காலை நூற்றேழில் அழுத்தி ஊன்றினாள். வலிக்கிற காலைத் தூக்கி, நூற்றெட்டாவது படியைத் தாண்டி, மேலே மண்ணில் வைத்தாள்.

வலியில் உயிர் போனது. சந்தோஷமாக இருந்தது.

பின்னால் ஏறி வந்த ஜப்பானிய இளைஞன் அந்தப் படியில் ஏதோ உடைந்திருக்கிறது என்று நினைத்து அவனும் தாண்டிப் போனான்.

*

அவள் பெஞ்சில் உட்கார்ந்து கால் நீட்டி, கைப்பேசியை எடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்த பிறகுதான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கணவருக்கு வேர்த்திருந்தது.

“நூத்தெட்டும் ஏறிட்டியா?” என்றான் மகன்.

“நூத்தேழு.”

“கணக்கு டீச்சருக்கே எண்ணிக்கை தப்பிட்டு,” என்று கணவர் சிரித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு அடிச்சாச்சு. அத அனுப்பிரு.”

“அழிச்சாச்சு,” என்றாள். “பள்ளிக்கூடம் தெறக்குத அன்னைக்கு நான் அங்க நிக்கணும். டிக்கெட்டுல தேதிய மாத்தாத, கோமு.”

கோயில் பக்கமிருந்து மணி கேட்டது.

குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் எழுந்தாள். மகனின் நெஞ்சிலிருந்து கட்டை அவிழ்த்து, குழந்தையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“கோயில் வரைக்கும் நான் தூக்கிட்டு வாரேன்,” என்றாள்.