கடைசி ஊக்கு

மேலாக்கை முதுகில் குத்திக்கொள்ள யாருக்கும் தன் கை எட்டாது. அதனால் எங்கள் பல்கலைக்கழக நடனக் குழுவில், மேடைக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையாக நிற்போம். முன்னால் நிற்பவளுக்குப் பின்னால் நிற்பவள் ஊக்குக் குத்திவிடுவாள். வரிசையில் கடைசி ஆள் குண்டூசி. வத்தலும் தொத்தலுமாக இருப்பாள், அதனால் அந்தப் பெயர். அவளுக்குப் பின்னால் ஆள் இல்லாததால் அவள் அம்மா வந்து குத்திவிடுவார்.

போன வருடம் குண்டூசி காய்ச்சலில் இறந்துபோனாள். இப்போது நான்தான் கடைசி.

இந்த வருட நிகழ்ச்சிக்கும் குண்டூசியின் அம்மாவை அழைத்திருந்தோம். "நான் வரலைன்னா உனக்கு யாருடி குத்துவா?" என்றபடி ஒப்பனை அறைக்குள் வந்தவர், என் முதுகைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யாரு குத்தினது?"

"இன்னும் யாரும் குத்தலையேம்மா."

கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். மேலாக்கு மடிப்புக் கலையாமல் குத்தியிருந்தது. ஊக்கின் தலை மட்டும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது. குண்டூசி இடதுகைக்காரி. எங்களில் அவள் மட்டும்தான் அப்படிக் குத்துவாள்.

அம்மா தன் புடவையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினார். எனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டு நின்றுகொண்டார்.

"கூன் போடாம நேரா நில்லுடி."

நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

காற்றில் எதையோ மெல்ல நீவி, ஊக்கைக் குத்திவிட்டுக் கையை எடுத்தார்.

ஊக்கு கீழே விழவில்லை.