மேட்னிக்கு ஏழு டிக்கெட்

டிக்கெட் செலவு முழுக்க சோலைமலையுடையது. ஆனாலும் கூட வந்த ஆறு கல்லூரிப் பையன்களும் தியேட்டரிலிருந்து கொட்டாவி விட்டபடிதான் வெளியே வந்தார்கள்.

"படம் எப்படிப்பா?" என்றார்.

"செம மொக்கைப்பா. த்ரில்லர்ங்கிறாங்க, இடைவேளைக்கு முன்னாடியே தூங்கிட்டேன்," என்றான் முகேஷ்குமார்.

"எனக்கும் புடிபடல அப்பு. ஆனா பார்ட்டில அந்தப் பய மாத்திரையப் போட்டதும் நுரை தள்ளிச் சாகுறானே, அது பயமா இருந்துச்சு," என்றார் சோலைமலை.

"அது சும்மா ரீலுப்பா! போட்டதும் ஒண்ணும் ஆகாது. அரை மணி நேரம் சிரிச்சுப் பேசிக்கிட்டுதான் இருப்பாங்க. அப்புறம்தான் உடம்பு அனலாக் கொதிக்கும். சட்டையக் கழட்டி வீசிட்டு, தண்ணி தண்ணின்னு கேப்பாங்க. டைரக்டர் நேர்ல பாத்ததே இல்ல போல," என்றான் முகேஷ்குமார்.

மற்ற ஐவரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

போன வருடம் செம்பட்டித் தோட்டத்தில் நடந்த பிறந்தநாள் பார்ட்டியில்தான் சோலைமலையின் மகன் ஜெரோம் போதை மாத்திரை போட்டுச் செத்துப்போனான். 'நாங்க பிரியாணி வாங்கப் போயிருந்தோம். திரும்பி வந்தப்ப பேச்சுமூச்சில்லாமக் கெடந்தான்' என்று இந்த ஆறு பேரும் போலீசில் ஒரே மாதிரி எழுதிக்கொடுத்திருந்தார்கள். காலையில் அவனுடைய முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்தவர்களைத்தான் சாப்பாடு போட்டுப் படத்துக்குக் கூட்டிவந்திருந்தார்.

சோலைமலை முகேஷ்குமாரின் தோளில் கை வைத்தார். குரல் உயரவில்லை.

"தண்ணி ரொம்ப நேரம் கேட்டானா அப்பு?"