துணைக்கு வந்தவர்

"லெஃப்ட்ல போ. இன்னும் கொஞ்சம். போதும், நில்லு."

சக்கர நாற்காலியில் இருந்தவள் அதட்ட அதட்ட, பின்னால் தள்ளிக்கொண்டு வந்த தம்பி அப்படியே செய்தான். வரிசையில் நின்றவர்கள் வேண்டாவெறுப்பாக வழிவிட்டார்கள். வாக்குச்சாவடி மூடக் கால் மணி நேரம்தான் இருந்தது.

சக்கரம் ஒரு பெரியவரின் கால்விரலில் ஏறி இறங்கியது. தம்பி அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான். "திமிரைப் பாரு," என்றார் பெரியவர். அக்காவுக்கு நல்ல அடிமை வாய்த்திருக்கிறான் என்று யாரோ முணுமுணுக்க, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

உள்ளே அவளைத் தெரியாதவர் இல்லை. தெருமுனைக் கூட்டங்களில் ஆளுங்கட்சியை அவள் கிழித்த கிழி அந்த வட்டாரத்துக்கே தெரியும். கைவிரல்கள் சிறுவயதிலேயே மடங்கிப்போனவை. மைக்கைக்கூட வேறு யாராவதுதான் பிடிக்க வேண்டும். இன்று இரண்டு கைகளும் மடியில் கிடந்த சால்வைக்குள் இருந்தன.

ஆளுங்கட்சி ஏஜெண்ட் ஒரு தாடிக்காரர். அவளைக் கண்டதுமே எழுந்துவிட்டார். இந்த அம்மாவால் ஓட்டுச்சீட்டில் குத்தும் முத்திரையைப் பிடிக்க முடியாது, கூட வந்தவன்தான் குத்தப்போகிறான், அதை ஏற்க முடியாது என்றார். எதிர்க்கட்சி ஏஜெண்ட் ஒல்லியான மனிதர். மாற்றுத்திறனாளிக்குத் துணையாள் உண்டு, சட்டம் தெரியாமல் பேசாதே என்று மேசையைத் தட்டினார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் அவள்.

"நீங்க இருங்கம்மா. கூட வந்தவர்கிட்ட பேசிட்டிருக்கேன்," என்றார் தேர்தல் அதிகாரி. அவள் மறுபடி வாயைத் திறந்தபோது, பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு தம்பியிடம் கேட்டார்.

"நீங்க யாரு இவங்களுக்கு?"

"கூடப் பிறந்த தம்பி."

"அக்கா சொல்ற சின்னத்துலதான் குத்துவீங்களா?"

"மாட்டேன்."

தாடிக்காரர் சிரித்தே விட்டார். ஒல்லிக்காரருக்கு முகம் கறுத்தது. "ஒரே வயித்துல பொறந்தவனாய்யா நீ?" என்றார்.

"அரசியல்ல எனக்கும் அவளுக்கும் ஆகாது," என்றான் தம்பி. "அவ சொல்றதுக்கு நான் ஏன் குத்தணும்? எனக்குன்னு புத்தி இல்லையா?"

அதற்கு மேல் அதிகாரிக்கு எதுவும் தேவைப்படவில்லை. இப்படிச் சொல்கிறவரைத் துணையாளாக அனுப்ப முடியாது, மறுப்பைப் பதிவேட்டில் எழுதப்போகிறேன், வாக்காளர் சீட்டைக் கொடுங்கள் என்றார். தம்பி சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். அது அதிகாரிக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றில் நின்றது. அவர் எரிச்சலோடு எட்டிப் பிடுங்கினார்.

சீட்டில் இருந்தது ஆணின் பெயர்.

"அதைத்தான் வந்ததுலேர்ந்து சொல்லப் பார்க்கறேன்," என்றாள் அவள். முழங்கையால் சால்வையை விலக்கினாள். மடங்கிய விரலில் மை காய்ந்திருந்தது.

அவள் ஓட்டைப் போன வாரமே வீட்டுக்கு வந்து வாங்கிப் போய்விட்டார்கள். நடமாட முடிகிறவனுக்கு வீட்டு ஓட்டு கிடையாது என்று தம்பியை விட்டுவிட்டார்கள். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்க எட்டு மாதம் அலைந்திருக்கிறார்கள். இது அவனுடைய முதல் ஓட்டு.

"துணையாள் நான்தான் சார்," என்றாள். "எந்தக் கட்டம் எங்க இருக்குன்னு படிச்சுச் சொல்லுவேன். அவன் குத்துவான்."

அதிகாரி சீட்டையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தடுப்பின் பக்கம் கையைக் காட்டி, சீக்கிரம் போகச் சொன்னார்.

தாடிக்காரர் குறுக்கே வந்து நின்றார். மேடை மேடையாக எங்களைத் திட்டுகிறவளை நம்பிக் கண் தெரியாதவனை அனுப்புவதா, அவள் எந்தக் கட்டத்தைக் காட்டினாலும் அவனுக்குத் தெரியவா போகிறது என்று கத்தினார். ஒல்லிக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

"வாயால சொன்னா நான் எடுத்துக்க முடியாது," என்றார் அதிகாரி. "எழுதிக் குடுங்க. துணையாளை மாத்தச் சொல்றேன்."

தாடிக்காரர் நின்றபடியே எழுதினார். கட்சிக்காரி என்பதால் இவர் துணையாளாக இருக்கக்கூடாது என்று இரண்டே வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதிகாரி அதை வாங்கி, எண் போட்டு, பதிவேட்டில் ஒட்டினார்.

ஏஜெண்டுகளும் ஊழியர்களும் துணையாகப் போகக் கூடாது, வேறு யாராவது உண்டா என்று கேட்டார். வீட்டில் இரண்டே பேர்தான் என்றாள் அவள். வரிசையில் மிச்சம் இருந்தவர்களிடம் யாராவது வருகிறீர்களா என்று கேட்கப்பட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசி ஆளும் ஓட்டுப் போட்டுவிட்டுப் போன பிறகு, நேரம் முடிந்தது என்று காவலர் வெளிக்கதவை இழுத்துச் சாத்தினார்.

தாடிக்காரர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல என்று பொதுவாகச் சொன்னார்.

தம்பி அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நான் உங்க கட்சிண்ணே."