எட்டாவது சீட்டு

“ஏம்மா, இந்த நாவலைப் படிச்ச ஏழு பேர் சீட்டுல விமர்சனம் எழுதி உள்ளே வெச்சிருக்காங்க. முடிவைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடலையே?” என்றார் தபால்காரர்.

“சொல்லிட்டா சுவாரசியம் போயிடுமே அண்ணே” என்றவள், புத்தகங்களை அடுக்குவதிலேயே குறியாக இருந்தாள்.

“அட போம்மா! டெய்லர் நூறாம் பக்கம் வரைக்கும் வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கார். டீச்சரம்மா இருநூறு வரைக்கும் வந்துட்டு, ‘இந்தப் பொண்ணு வீடு திரும்புவாளா, தவிப்பா இருக்கு’ன்னு நிறுத்திட்டாங்க. அவங்களை நம்பித்தான் நானே ஆரம்பிச்சேன். பாதியில விடுறவங்கல்லாம் விமர்சனம் எழுதலாமா? நான் முடிச்சுட்டு எழுதறேன், பாரு!”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, புத்தகத்துக்குள் எட்டாவது சீட்டு இருந்தது. ‘இருநூற்று நாற்பதாம் பக்கம். பொண்ணு வீட்டுக்கு பஸ் ஏறிட்டா. டீச்சரம்மாகிட்ட சொல்லிடும்மா, பாவம், தவிச்சுக்கிட்டு இருப்பாங்க.’

தபால்காரரின் காலிக் கட்டிலுக்கு விரிப்பை மாற்றிவிட்டு, அந்தச் சீட்டையே பார்த்தபடி நின்றாள் நர்ஸ். டாக்டர்கள் கைவிட்டவர்களுக்கான வார்டு அது. அந்த ஒன்றை மட்டும் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மதியம் அதே கட்டிலுக்கு வந்த பெண் கேட்டாள்: “நல்ல புத்தகமா சிஸ்டர்?”

“எட்டுப் பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்கம்மா.”