முப்பது வருடம் என்கிற வரி

யாழ்ப்பாண நகரத்துக் கணினி வகுப்பில் பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளினூடே வந்து விசைப்பலகைகளின் மேல் விழுகிறது. நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்குப் பிரியந்தினி ரீச்சர் கொடுத்த முதல் பயிற்சி, வீட்டுத்திட்டத்துக்குத் தகுதியானவர்களைத் தெரிவு செய்வது. குருநகர் எமில்ராஜ் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டான். பத்தே வரிகள். பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஸக்கியா அவன் நிரலில் தன் உம்மாவின் விபரங்களைக் கொடுத்துப் பார்க்கிறாள். யாழ்ப்பாணத்தில் தொடர்ந்து வசித்த காலம், பதினைந்து வருடம். கண்ணிமைக்கும் முன் திரை சொல்லிவிடுகிறது: ‘தகுதி இல்லை.’ “தொண்ணூறில உம்மாக்கு ஒன்பது வயசு,” என்கிறாள் ஸக்கியா. “எங்கட தெருவில இருந்த முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் புலிகள் ரெண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொன்னவை. திரும்பி வர இருபது வருஷம் போச்சுது.” எமில்ராஜ் தன் வரியை உற்றுப் பார்க்கிறான். முப்பது வருடத்துக்குக் குறைந்தால் தகுதி இல்லை. ஒரு தெருவையே வெளியே நிறுத்த இவ்வளவு சின்ன வரி போதுமா? “நான் உங்களை நினைச்சு எழுதேல்லை,” என்கிறான். “ஓம், அதுதான்,” என்கிறாள் அவள். குரலில் கோபமில்லை. அவன் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளுகிறான். “நீர் எழுதும்.” அவள் மெதுவாக ஒரு கேள்வியைச் சேர்த்து நிரலை ஓட்டுகிறாள். புள்ளி போட்ட விடைத்தாள்களோடு வந்த ரீச்சர் அப்படியே நிற்கிறார். வகுப்பு முழுவதும் கதிரைகளை விட்டு எழுந்து வந்து பார்க்கிறது. ‘உங்களை யாராவது ஊரைவிட்டுப் போகச் சொன்னார்களா?’ இத்தனை வருடத்தில் எந்தப் படிவமும் உம்மாவிடம் கேட்காத கேள்வி, பதிலுக்காகத் திரையில் காத்திருக்கிறது. ஸக்கியா ஒரு சொல்லைத் தட்டுகிறாள்: ஆம்.